1/24 டெல்டா 16 வால்வ் ராலி கார்: கிட்டில் எஞ்சினே இல்லை, எங்கிருந்து தொடங்குவது?

பானட்_திற

வணக்கம் மக்களே. லான்சியா டெல்டா இன்டெக்ராலே 16 வால்வ், குரூப் ஏ (உற்பத்திக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயப் பிரிவு) ராலி கார், 1/24 அளவில் ஒரு கிட் ரொம்ப நாளாகப் பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது கையில் எடுத்திருக்கிறேன். பாடி அருமை, டீகால் அருமை, ரோல் கேஜ்கூடப் பரவாயில்லை. ஆனால் கர்ப்சைடு கிட் (எஞ்சின் இல்லாத கிட்) என்பதால் பானட் பாடியோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கிறது. சேசிஸ் தட்டின் அடியில் ஆயில் சம்ப்பும் கியர்பாக்ஸும் லேசாகப் புடைத்துத் தெரிவதோடு எஞ்சின் கதை முடிந்தது. எனக்கோ சர்வீஸ் பார்க்கில் (ராலியின் நடுவே காரைப் பழுதுபார்க்கும் இடம்) பானட்டைக் கழற்றி வைத்து மெக்கானிக்குகள் உள்ளே கைவிடுகிற நேரத்தில் கார் எப்படி இருக்குமோ அப்படி வேண்டும்.

ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட், ஸ்ட்ரிப், ராட் எல்லாம் இருக்கிறது. உள்ளறைகளுக்கு ஸ்கிராட்ச் பில்ட் (கிட் பாகம் இல்லாமல் சொந்தமாகச் செய்வது) செய்து பழக்கம் உண்டு, எஞ்சின் இதுதான் முதல் தடவை. அளவுகளை எங்கே பிடிப்பது, இணையத்தில் கிடைக்கிற படங்களில் பாதி ஷோவுக்காகப் பளபளப்பாக்கிய கார்கள், அவற்றை நம்பலாமா? டர்போவை எதை வைத்துச் செய்வது? ஒயருக்கும் ஹோஸுக்கும் எவ்வளவு தடிமன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்தாள்_1000

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினைக் கட்டாதீர்கள், எஞ்சின் அறையைக் கட்டுங்கள். டெல்டா மாதிரி எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்த சின்ன காரில் பானட்டைத் தூக்கினால் பிளாக் கண்ணிலேயே படாது. கேம் கவர் (எஞ்சினின் மேல் மூடி), இன்டேக் பிளீனம் (உள்ளே போகும் காற்று சேரும் பெட்டி), குழாய்கள், இரண்டு ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனையைப் பிடிக்கும் மேடு), நடுவில் பிரேஸ், ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுச்சுவர்), திரவத் தொட்டிகள், ஒயர்க் கற்றை, இவ்வளவுதான் தெரியும். இவற்றில் வேலையைக் கொட்டுங்கள். பிளாக்குக்கு ஸ்டைரீனை அடுக்கி ஒட்டிய ஒரு கட்டை போதும், கறுப்பு அடித்துவிட்டு மறந்துவிடலாம். கிராங்க் புல்லியிலிருந்து ஆரம்பித்து ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் பற்கள் வரை செய்து, கடைசியில் மேலே பிளீனத்தை வைத்து எல்லாவற்றையும் மூடிவிட்ட ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கு நம்பகமான இடம் எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) ஹோமோலோகேஷன் படிவம், அதாவது காரைப் பந்தயத்துக்கு அங்கீகரித்த ஆவணம். குரூப் ஏ-யில் ஓடிய ஒவ்வொரு மாடலுக்கும் இது உண்டு, எஃப்ஐஏவின் வரலாற்றுக் கார் தரவுத்தளத்தில் பழைய படிவங்களைத் தேடி எடுக்கலாம். எஞ்சினைக் கழற்றி வெளியே வைத்து இரண்டு பக்கமும் எடுத்த படம், அறைக்குள் இருக்கும்போது எடுத்த படம், மேனிஃபோல்ட் வரைபடம், போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), வால்வ் அளவு எல்லாம் அதில் இருக்கும். கறுப்பு வெள்ளையில் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காருக்கு அன்றைக்கே எடுத்த படம் என்பதுதான் அதன் மதிப்பு.

இந்த எஞ்சின் 1995 சிசி, போர் 84 மிமீ, ஸ்ட்ரோக் 90 மிமீ. 24-ஆல் வகுத்தால் போர் 3.5 மிமீ. அப்படியென்றால் நான்கு துளைகள் மட்டுமே 14 மிமீ, அதற்கு மேல் இடைச்சுவர்களும் இரண்டு முனைகளும் சேர்த்தால் சிலிண்டர் ஹெட்டின் நீளம் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு பிடி கிடைக்கும். மீதியைப் படத்திலிருந்து விகிதம் போட்டு எடுக்க வேண்டியதுதான். நான் செய்வது இப்படி: நேர் மேலிருந்தோ நேர் முன்னாலிருந்தோ, தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்த படமாகத் தேர்ந்தெடுப்பேன். பக்கத்தில் நின்று வைட் லென்ஸில் எடுத்தது விகிதத்தைக் கெடுத்துவிடும். படத்தில் இரண்டு ஸ்ட்ரட் டவரின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, கிட்டின் பாடியில் அதே தூரம் எவ்வளவு வருகிறது என்று வெர்னியரில் பார்ப்பேன். இரண்டையும் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும், அந்தப் படத்தில் மற்ற எல்லாவற்றையும் அந்த எண்ணால் பெருக்கினால் நேராக கிட்டுக்கான மிமீ வந்துவிடும். இதில் ஒரு லாபம் உண்டு. கிட்டின் பாடி கொஞ்சம் அகலம் கூடக்குறைய இருந்தாலும் எஞ்சின் அந்தப் பாடிக்குள் சரியாக உட்காரும். அசல் காரின் அளவைக் கறாராகப் பிடித்தால் சில சமயம் அறைக்குள் இறங்கவே இறங்காது, ஏனென்றால் பிளாஸ்டிக் பாடியின் தடிமன் 1 மிமீ என்றாலே அது அசல் காரில் 24 மிமீ தகடு!

சரி, ஷோ கார் படங்கள். நீங்கள் சந்தேகப்படுவது சரிதான். நீல சிலிக்கான் ஹோஸ், கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட பைப், இதெல்லாம் அன்றைய படத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். முதலில் எந்த ராலி, எந்த வருடம் என்று முடிவு செய்யுங்கள். 16 வால்வ் கார் 1989 சான்ரெமோ ராலியில் அறிமுகமானபோது ஸ்பான்சர் மார்டினியின் பட்டைகளோடு சிவப்பாக வந்தது, ஓட்டுநர் பியாசியோன் ஜெயித்த ராலி அது. அப்புறம் மறுபடி வெள்ளை. வண்ணம் மாறியது எல்லோருக்கும் தெரியும், உள்ளே மாறியதைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. உதாரணமாக 1990-இலிருந்து டர்போவுக்கு 40 மிமீ ரெஸ்ட்ரிக்டர் (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் குறுகல்) கட்டாயமானது. உங்கள் அளவில் அது 1.67 மிமீ. வெளியே தெரியாது, ஆனால் காற்று உள்ளே போகும் குழாய்கள் எப்படிப் போகின்றன என்று வருடவாரியாகப் பாருங்கள்.

ஈயக்கம்பி

மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பிளாக்கைக் கட்டையாக விடலாம், ஆனால் டர்போவை விடாதீர்கள். அது எஞ்சினின் முன்பக்கம், ரேடியேட்டருக்குப் பின்னால் இடுக்கில்தான் இருக்கிறது, மேலே ஹீட் ஷீல்டு வேறு. இருந்தாலும் பார்க்கிறவன் முதலில் தலையைக் குனிந்து தேடுவது டர்போவைத்தான், அதுவும் ராலி கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

செய்வது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும்) பக்கத்துக்கு 1 மிமீ ஷீட்டில் சின்ன வட்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள், பஞ்ச் செட் இருந்தால் நல்லது. 1.5 மிமீ சாலிடர் கம்பியை எடுத்து ஒரு முனையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மணல்தாளில் உருட்டி உருட்டிக் கூராக்குங்கள். முழுத் தடிமன் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் வாய். கூரான முனையை வட்டின் விளிம்பில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைத்துப் பிடித்து, அப்படியே வட்டைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒரு முழுச் சுற்று வந்ததும் கம்பி வட்டை விட்டுத் தொடுகோடாக நேரே வெளியே போகவேண்டும். இங்கேதான் பலர் சொதப்புவது: கம்பியை வட்டோடு சேர்த்து இன்னும் வளைத்துவிடுவார்கள், நத்தை மாதிரி ஆகிவிடும், டர்போ மாதிரி இருக்காது. அப்புறம் வட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் நீர்க்க விட்ட புட்டியை நிரப்பி, காய்ந்ததும் ஒரு பல்குத்தியின் முனையில் மணல்தாளைச் சுற்றித் தேய்த்தால் ஒரே வார்ப்பு போல வந்துவிடும். நடுவில் காற்று உள்ளே போகும் வாய்க்கு ஒரு குட்டிக் குழாயை ஒட்டுங்கள், அதன் சுவரை உள்ளிருந்து கத்தி முனையால் சீவி மெல்லியதாக்குங்கள். அந்த விளிம்பு தடியாக இருந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

டர்பைன் (எக்ஸாஸ்ட் சுழற்றும்) பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் சின்னது, கொஞ்சம் முரடு. அதன் மேல் புட்டியைத் திரவ சிமெண்டில் கரைத்து, பழைய பிரஷ்ஷின் மொட்டை முனையால் குத்திக் குத்தி விட்டால் வார்ப்பிரும்பின் சொரசொரப்பு வரும். நடுவில் இரண்டையும் இணைக்கிற பாகத்துக்கு ராட் துண்டு, அதில் மேலிருந்து ஆயில் உள்ளே வரும் மெல்லிய குழாய், கீழே அது வடிந்து போகும் தடித்த குழாய். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரின் (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டப்பாவும் அதிலிருந்து நீளும் கம்பியும் மறக்கவேண்டாம், அது இல்லாத டர்போ பார்த்ததுமே பொய்யாகத் தெரியும்.

நிறம் பற்றி ஒரு புலம்பல். மாடல் செய்கிறவர்கள் எக்ஸாஸ்ட் என்றாலே நீலமும் ஊதாவும் அடித்துவிடுகிறார்கள். அந்த நிறம் ஸ்டெயின்லெஸ் குழாயில் வருவது. சூடு ஏற ஏற வெளிர் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்ற வரிசையில்தான் வரும், அதனால் ஹெட்டுக்குப் பக்கத்தில் நீலமும் தள்ளிப்போகப் போக மஞ்சளுமாக இருக்கவேண்டும். வார்ப்பிரும்பில் இந்த வானவில் எதுவும் கிடையாது, மங்கலான சாம்பல் பழுப்பு, அதன் மேல் துருத்தூள் நிறத்தில் பாஸ்டல் பொடி கொஞ்சம், அவ்வளவுதான். கம்ப்ரஸர் பக்கம் அலுமினியம் என்பதால் அது வெளிர்சாம்பல். இந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே டர்போவை டர்போவாகக் காட்டிவிடும்.

சாலிடர் கம்பி பற்றி இன்னொன்று: ஈயம் கலந்தது நன்றாக வளையும், ஆனால் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுத்து, கையைக் கழுவுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு வளைக்கக் கூடாது, பெயிண்ட் உரிந்துவிடும். மூடிய மர அலமாரியில் பல வருடம் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஈயம் இல்லாத சாலிடரே மேல். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

லேயர்_50மைக்ரான்

இவ்வளவு கஷ்டம் எதற்கு என்று கேட்டால் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். ரெசின் பிரிண்டர் இருக்கிற ஒருவரைப் பிடித்தால் கேம் கவர், கியர்பாக்ஸ், டர்போ எல்லாம் ஒரே இரவில் முடிந்துவிடும். கேம் கவர் மேல் இருக்கிற புடைப்பு எழுத்துகளை ஸ்டைரீனில் எப்படிச் செய்வீர்கள்?

மணல்தாள்_1000

அடிக்கவில்லை, எழுத்துக்குப் பிரிண்ட் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பிரிண்ட் செய்ய முதலில் யாராவது கணினியில் வரையவேண்டும், வரைய அளவு வேண்டும், அளவுக்கு நான் மேலே சொன்ன அதே வேலையைத்தான் செய்யவேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பொது மாடல்களில் எஞ்சின் வேறு ஏதாவது காருடையதாக இருக்கும், அதைக் கொண்டுவந்து இந்த அறையில் வைத்தால் எனக்குக் கண் உறுத்தும். எழுத்துக்கு இன்னொரு வழி: டீகாலைத் தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, அதன் மேல் அக்ரிலிக் கிளியரை மெல்லிய பிரஷ்ஷால் எழுத்தின் மேல் மட்டும் பல தடவை ஏற்றினால் புடைப்பாகிவிடும். 1/24-இல் போதுமான அளவுக்கு ஏமாற்றும். கேம் கவரின் விலாக்களுக்கு மெல்லிய ஸ்ட்ரிப் ஒட்டுவது பத்து நிமிட வேலை, அதற்கு பிரிண்டர் எதற்கு?

பானட்_திற

எல்லோருக்கும் நன்றி. ஹோமோலோகேஷன் படிவம் கிடைத்துவிட்டது, ஸ்கேன் மங்கல்தான், ஆனாலும் இன்டேக் பக்கம் நன்றாகத் தெரிகிறது. டர்போ முறையை ஒரு வேண்டாத கம்பியில் செய்து பார்த்தேன், அந்தத் தொடுகோட்டு விஷயம் படித்ததால் தப்பித்தேன்.

இப்போது பயம் பானட்டை வெட்டுவதில். வெட்டிய பிறகு சேசிஸ் கீழிருந்து பாடிக்குள் எப்படி நுழையும்? எஞ்சினை முதலிலேயே வைத்துவிட்டால் ஃபயர்வாலில் முட்டாதா? ஒயர் தடிமனையும் யாராவது சொன்னால் புண்ணியம்.

குட்டி_ஒயர்மேன்

வெட்டுவதற்கு ரம்பம் வேண்டாம். கத்தியின் முதுகுப்பக்கத்தால் பானட்டின் கோட்டிலேயே மெதுவாகத் திரும்பத் திரும்ப இழுங்கள், சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வரும், கடைசியில் தானாக விட்டுவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் கத்தி விலகி ஃபெண்டர் மேல் கோடு போட்டுவிடும். மூலைகளில் மட்டும் முதலில் சின்ன ட்ரில் பிட்டால் ஒரு துளை போட்டுக்கொள்ளலாம். வெளியே வந்த பானட்டின் ஓரங்களை அடியிலிருந்து சாய்வாகச் சீவுங்கள், நடுப்பகுதியைத் தொடவேண்டாம். ஓரம் மெல்லியதாக இருந்தால் மொத்தமும் தகடு என்று கண் நம்பிவிடும். கீல் செய்யப் போகாதீர்கள். சர்வீஸ் பார்க்கில் பானட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பதாகவே காட்டுங்கள், நீங்கள் நினைத்த காட்சியும் அதுதானே. பானட்டை மூடிப் பார்க்கும் ஆசை இருந்தால், உள்ளே ஒவ்வொரு பாகம் ஏறும்போதும் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். 16 வால்வில் பானட்டே எஞ்சின் உயரத்துக்காகத்தான் மேலே புடைத்திருக்கிறது, அந்த இடத்தில் அடியில் சுரண்டினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

நுழைவது பற்றிய கேள்விதான் இதில் முக்கியம், ஒன்றையும் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டியது. உள் ஃபெண்டர், ஃபயர்வால், ஸ்ட்ரட் டவர்கள் இவை பாடியோடு. எஞ்சின், கியர்பாக்ஸ், கீழ் சஸ்பென்ஷன் இவை சேசிஸோடு. ரேடியேட்டர் எந்தப் பக்கம் என்பது உங்கள் கிட்டின் முன் பம்பர் எப்படி மாட்டுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் டேப் போட்டு மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி, எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். சேசிஸ் சாய்ந்து நுழையும், நேராக ஏறாது, அதனால் எஞ்சினின் பின்பக்கம் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் ஃபயர்வாலைத் தட்டும். அவற்றைத் தனியாகச் செய்து கடைசியில் பானட் துவாரம் வழியாக வையுங்கள். பாடியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஹோஸ், ஒயர், ஸ்ட்ரட் பிரேஸ் எல்லாமே அப்படித்தான், பாடியும் சேசிஸும் நிரந்தரமாகச் சேர்ந்த பிறகுதான் அவற்றின் முறை. அதற்காகவே ஒவ்வொரு ஹோஸுக்கும் இரண்டு முனையிலும் முன்கூட்டியே துளை போட்டு, அதில் ஊசி மாதிரி ஒரு கம்பி நுனி செருகுகிறபடி செய்துகொள்ளுங்கள். வெறும் பசையை நம்பி அந்தக் குழிக்குள் ஹோஸை ஒட்ட முயன்றால் பக்கத்தில் இருக்கிற பெயிண்ட் எல்லாம் நாசம்.

தடிமன்: ஸ்பார்க் பிளக் ஒயர் அசலில் 7 அல்லது 8 மிமீ, உங்களுக்கு 0.3 மிமீ. இதைவிடத் தடித்ததைப் போட்டால் உடனே பொம்மைத்தனம் வந்துவிடும். சாதாரண சென்சார் ஒயருக்கு மின்சார ஒயருக்குள் இருக்கிற தாமிர இழை போதும், ஆனால் ஒற்றையாக ஓடவிடாதீர்கள். நான்கைந்தைச் சேர்த்துக் கறுப்பு டேப்பை நூல் அகலத்துக்கு வெட்டிச் சுற்றிக் கற்றையாக்குங்கள், அதிலிருந்து ஆங்காங்கே கிளை பிரியட்டும். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) நடுவே போகும் பெரிய குழாய் 60 மிமீ என்று வைத்துக்கொண்டால் 2.5 மிமீ. ஹோஸ் கிளாம்புக்கு மெல்லிய அலுமினியத் தகட்டை அரை மிமீ பட்டையாக வெட்டுங்கள், திருகு இருக்கும் இடத்தில் ராட் துணுக்கு ஒன்று. எம்8 போல்ட்டின் தலை 13 மிமீ, அதாவது 0.54, எம்6 என்றால் 0.42. அறுகோண ராட் கிடைத்தால் அதைச் சீவி வையுங்கள், கிடைக்காவிட்டால் வட்டமாகவே வையுங்கள், இந்த அளவில் வித்தியாசம் தெரியாது. ஆனால் எல்லா போல்ட்டும் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்பது நன்றாகத் தெரியும்.

எஃகு இழை பின்னிய ஹோஸுக்குச் சுருள் சுற்றிய கிட்டார் கம்பியைச் சொல்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே எஃகு என்பதால் வளைத்த இடத்தில் நிற்காமல் எகிறும். அதற்குப் பதில் மெல்லிய சாலிடர் கம்பியின் மேல் தாமிர இழையை நெருக்கமாகச் சுற்றி, வெள்ளி நிறம் அடித்து, கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) கொடுத்தால் எப்படி வேண்டுமானாலும் வளையும்.

கடைசியாக, இது ஷோரூம் கார் இல்லை என்பதைக் காட்டுகிற சின்னச் சின்ன விஷயங்கள். தீயணைப்புக் குழாயின் நாசில் எஞ்சினைப் பார்த்தபடி இருக்கவேண்டும், ராலி காரில் அது கட்டாயம். ஒயர்கள் நிறைய இடத்தில் கேபிள் டையால் கட்டப்பட்டிருக்கும், நறுக்கிய வால் நீட்டிக்கொண்டிருக்கும். டர்போவில் அதிகாரிகள் போட்ட சீல் இருக்கும், 0.1 மிமீ கம்பியும் ஒரு சொட்டு வெள்ளிப் பெயிண்டும் போதும் அதற்கு. அழுக்கு விஷயத்தில் மட்டும் கையைக் கட்டுப்படுத்துங்கள். மண் சக்கர வளைவு வழியாகத்தான் உள்ளே வரும், அதனால் கீழேயும் ஓரத்திலும் தூசி, மேலே கேம் கவர் ஓரளவு சுத்தம்.

ஈயக்கம்பி

சீல் விஷயம் அட்டகாசம், நானும் அடுத்த காரில் போடுகிறேன். ஹீட் ஷீல்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உணவு வைக்கிற அலுமினியத் தட்டின் தகட்டை எடுங்கள், ஃபாயில் வேண்டாம், ஃபாயில் தொட்டாலே கசங்கும். பின்பக்கத்தில் மையில்லாத பேனா முனையால் கோடு இழுத்தால் அழுத்தி எடுத்த விலாக்கள் வரும்.

பானட்_திற

0.3 துளை போட்டுக்கொண்டிருக்கிறேன், ட்ரில் பிட் ஒடிந்துகொண்டே இருக்கிறது. பின் வைஸில் (ட்ரில் பிட்டைப் பிடிக்கும் குட்டிக் கைப்பிடி) கையால்தான் சுற்றுகிறேன், மெதுவாகத்தான் போகிறேன். பிட் மோசமா, கை மோசமா?

குட்டி_ஒயர்மேன்

பெரும்பாலும் பிட் வெளியே நீட்டியிருக்கிற நீளம்தான் காரணம். பின் வைஸுக்குள் முடிந்தவரை உள்ளே தள்ளி, 2 மிமீ மட்டும் வெளியே தெரியும்படி இறுக்குங்கள். துளை போடும் இடத்தில் முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டு, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே இழுத்துச் சுருளைத் தட்டிவிடுங்கள். சாலிடரில் போடுகிறீர்கள் என்றால் பிட்டில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள், ஈயம் பிடித்துக்கொண்டு முறிப்பது குறையும்.